வாசேபூரில் பழி யாருக்காக? – 'கேங்ஸ் ஆஃப் வாசேபூர்' பற்றி ஒரு விவாத இழை

மாலைக்காட்சி

அனுராக் காஷ்யப்பின் 'கேங்ஸ் ஆஃப் வாசேபூர்' இரண்டு பாகங்களையும் அடுத்தடுத்து மறுபடி பார்த்தேன். 2012 ஜூனில் முதல் பாகமும் ஆகஸ்டில் இரண்டாம் பாகமும் வந்தபோது நம்மில் பலர் அதைப் பழிவாங்கும் கதையாகவே எடுத்துக்கொண்டோம். அப்பனைக் கொன்றுவிட்டார்கள், மகன் சர்தார் கான் தலையை மழித்துக்கொண்டு சபதம் போட்டான், பேரன் ஃபைசல் அதை முடித்தான். கதையை இப்படி மூன்று வரியில் சொல்லிவிடலாம்.

இந்த முறை ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். முதல் பாகத்தில் ஃபைசல் துப்பாக்கி வாங்கப் பனாரஸ் போகிறான். திரும்பும்போது போலீஸில் மாட்டி ஜெயிலுக்குப் போகிறான். வெளியே வந்ததும் துப்பாக்கி விற்ற யாதவைக் கொல்கிறான். பல வருடத்துக்கு முன்னால் தாத்தா ஷாஹித் கானைச் சுட்டுக் கொன்றவன் அதே யாதவ்தான். ஃபைசலுக்கு அது தெரியாது. அவன் வீட்டில் யாருக்கும் தெரியாது. தாத்தாவைச் சுட்ட கை அன்றைக்கே ஓய்ந்துவிட்டது, அதை அந்தக் குடும்பம் கணக்கிலேயே எழுதவில்லை.

அவனை ஏவிவிட்ட சுரங்க முதலாளி ராமாதீர் சிங் உயிரோடு இருக்கிறானே என்பீர்கள். சரிதான். ஆனால் சபதம் போட்ட சர்தார் என்ன செய்கிறான்? ஆள் சேர்க்கிறான், ராமாதீரின் வியாபாரங்களில் ஒவ்வொன்றாகக் கை வைக்கிறான், குளத்து மீனில் கமிஷன் வாங்குகிறான். ராமாதீரை ஒரேயடியாகக் கொல்லப் போவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பழி வாங்குவேன், அதுவும் சொல்லிவிட்டே வாங்குவேன் என்கிறான். அந்த இடைவெளியில் அவனுக்கு ஒரு சாம்ராஜ்யம் உருவாகிவிடுகிறது.

என் கருத்து இதுதான்: இந்தப் படத்தில் பழி என்பது தொழிலுக்கு ஆள் சேர்ப்பதற்காகச் சொல்லப்படும் கதை. அடிப்படையில் இது யார் நிலக்கரியை எடுப்பது, யார் இரும்புக் கழிவை ஏலம் எடுப்பது என்ற படம். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். கதை முழுவதையும் பேசுவோம், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

தெற்குமாசிவீதி

நல்ல இழை. மதுரைக்காரன் என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். படம் தொடங்கும்போதே பாலா, அமீர், சசிகுமார் மூவருக்கும் நன்றி போடுகிறார் காஷ்யப். மதுரை மும்மூர்த்திகள், என்னை என் வேருக்குத் திரும்ப வைத்தவர்கள் என்ற பொருளில். இந்திப் படம் ஒன்றின் தொடக்கத்தில் அந்தப் பெயர்களைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதம் இன்னும் அப்படியே இருக்கிறது.

அது சும்மா மரியாதைக்குப் போட்ட நன்றி இல்லை. காஷ்யப் கோரக்பூரில் பிறந்தவர். அவர் அப்பா உத்தரப் பிரதேச மின்துறைப் பொறியாளர், வாரணாசிக்குத் தெற்கே ஓப்ரா அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். கரி எரிகிற ஊரில் வளர்ந்த மனிதர் அதற்கு முன்னால் எடுத்தவை பெரும்பாலும் மும்பை, டெல்லி கதைகள். 2008இல் வந்த 'சுப்ரமணியபுரம்' அவரை ஊர்ப்பக்கம் திருப்பியிருக்கிறது. பாலாவிடம் அமீர் வேலை பார்த்தார், அந்த இருவரிடமும் சசிகுமார் வேலை பார்த்தார். அப்படிக் கைமாறி வந்த ஒன்று வாசேபூர் இருக்கும் ஜார்க்கண்டின் தன்பாத் வரை போயிருக்கிறது.

ஆனால் மாலைக்காட்சி சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. பழி வெறும் சாக்கு என்றால் சர்தார் ஏன் அத்தனை வருடம் மொட்டைத் தலையோடு திரிகிறான்? பார்க்கிற ஒவ்வொருவனுக்கும் அதை நினைவுபடுத்த வேண்டும் என்று அவனுக்கு இருக்கிறது. தொழில் மட்டும்தான் குறி என்றால் இவ்வளவு பிடிவாதம் தேவையில்லை.

கரிமலை

நான் தன்பாத் சுரங்கப் பள்ளியில் படித்தவன். ஐ.எஸ்.எம். என்று சொல்வோம், 1926இல் தொடங்கியது, 2016இல் ஐ.ஐ.டி. ஆனது. வாசேபூர் அந்த ஊரின் ஒரு பகுதிதான், தனிக் கிராமமெல்லாம் இல்லை. அதனால் கரி பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தன்பாத்தை ஒட்டிய ஜரியா வயலில் கிடைப்பது சாதாரணக் கரி இல்லை. எஃகு உருக்காலைக்குத் தேவையான கோக்கிங் வகைக் கரி. நாட்டின் உயர்தரக் கோக்கிங் கரிக்கு முக்கியமான இடமே அதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் தனியார் சுரங்கங்கள். 1947க்குப் பிறகு இந்திய முதலாளிகள். படத்தில் ராமாதீர் மேலே வருவதும் அப்போதுதான். ஷாஹித் கான் அங்கே கூலியாகச் சேர்கிறான். மனைவி பிரசவ வலியில் துடிக்கும்போது வீட்டுக்குப் போக விடாமல் சுரங்கத்து அடியாள் தடுக்கிறான், அவள் செத்துப்போகிறாள். ஷாஹித் அந்த அடியாளை அடித்தே கொல்கிறான். கொன்றவனைக் கூப்பிட்டு ராமாதீர் என்ன செய்கிறான்? அதே அடியாள் வேலையைக் கொடுக்கிறான். அதை ஷாஹித் வாங்கிக்கொள்கிறான், பிறகு அவனே கூலிகளை அடிக்கிறான். படம் முழுவதற்கும் இதுதான் விதை. ஆள் மாறுவான், வேலை அப்படியே இருக்கும்.

அப்புறம் தேசியமயம். கோக்கிங் கரிச் சுரங்கங்களை 1971 அக்டோபரில் அரசு கையில் எடுத்து 1972இல் தேசியமயமாக்கியது. மற்ற கரி 1973இல். பாரத் கோக்கிங் கோல் நிறுவனம் வந்தது. முதலாளி போய்விட்டான், இனி ரௌடிக்கு வேலை இல்லை என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நடந்தது வேறு. சுரங்கம் அரசினுடையது, ஆனால் கரி ஏற்றும் லாரி, கூலி ஆட்களை விடும் ஒப்பந்தம், தொழிற்சங்கம், சம்பள நாளன்று சுரங்க வாசலில் நின்று வட்டி வசூலிப்பது, எல்லாம் வெளியாள் கையில். கரி எடுத்த பிறகு பூமிக்கு அடியில் உருவாகும் வெற்றிடத்தை மணல் கொண்டு நிரப்ப வேண்டும், இல்லையென்றால் மேலே நிலம் இறங்கும். அந்த மணல் ஒப்பந்தம் ஒரு தங்கச் சுரங்கம். கொட்டாத மணலுக்கும் பில் போடலாம், கீழே இறங்கி யார் அளப்பார்கள்?

ஜரியாவில் 1916இலிருந்து பூமிக்கடியில் தீ எரிகிறது. மழைக்காலத்தில் நிலப்பிளவுகளிலிருந்து ஆவி வருவதை நானே பார்த்திருக்கிறேன். அதன் மேலேயே குடியிருக்கிறார்கள். 1975 டிசம்பரில் சாஸ்நாலா சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து 375 பேர் இறந்தார்கள். அந்த ஊரில் உயிரின் விலை துப்பாக்கி வருவதற்கு முன்பே இறங்கிப்போயிருந்தது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படத்தில் கொலைகள் ஏன் அத்தனை சாதாரணமாக நடக்கின்றன என்பது புரியும்.

அதனால் என் ஓட்டு மாலைக்காட்சிக்கு.

மல்லிகைப்பந்தல்

கரிமலை, மணல் விஷயம் எனக்குப் புதிது. நன்றி.

ஆனால் நீங்கள் மூன்று பேரும் ஆண்களை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பழியை அந்த வீட்டில் யார் உயிரோடு வைத்திருப்பது? சர்தாரின் மனைவி, ஃபைசலின் அம்மா நக்மா. ரிச்சா சத்தா நடித்த பாத்திரம். புருஷன் வேறு பெண்களிடம் போகிறான் என்று தெரியும். அவனுக்குச் சோற்றைப் போட்டு, நன்றாகச் சாப்பிடு, வெளியே போய் மானத்தை வாங்காதே என்கிறாள். அவள் குரலில் கோபமும் இருக்கிறது, வேறு வழியில்லாத ஒரு கணக்கும் இருக்கிறது. அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு சர்தார் செத்து, மூத்தவன் டேனிஷும் செத்த பிறகு, கஞ்சா மயக்கத்தில் கிடக்கும் ஃபைசலைப் பார்த்து உன் ரத்தம் எப்போதுதான் கொதிக்கும் என்று கேட்பவளும் அவள்தான். அவன் நிதானமாகப் பதில் சொல்கிறான், அப்பனுக்கும் தாத்தாவுக்கும் அண்ணனுக்கும் சேர்த்து எடுப்பேன் என்று. படத்தின் மிகப் பிரபலமான வசனம் அது. எல்லோரும் அவன் சொன்னதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். கேட்டவளை யாரும் பேசுவதில்லை.

அந்த அம்மாவுக்குக் கரியும் வேண்டாம், இரும்பும் வேண்டாம். அவளுக்கு இரண்டு பிணத்துக்குப் பதில் வேண்டும். அதைத் தொழில் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. சாக்கு என்பது ஆண்களுக்குப் பொருந்தலாம்.

ஒலிக்கலவை

இசை பற்றி யாரும் தொடவில்லையே. பாடல்கள் ஸ்நேகா கான்வல்கர், வரிகள் பெரும்பாலும் வருண் குரோவர். பின்னணி இசை நம் ஜி.வி. பிரகாஷ் குமார், இது பலருக்குத் தெரியாது. ஸ்நேகா பீகார் ஊர்களில் சுற்றிக் கல்யாண வீட்டுப் பாட்டுக்காரிகளின் குரலைப் பதிவு செய்தவர். அதோடு நிற்காமல் டிரினிடாட் போனார். நூறு வருடத்துக்கு மேல் முன்னால் போஜ்புரி பேசும் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன தீவு அது. அவர்களுடைய சட்னி இசையில் பிறந்ததுதான் 'ஹண்டர்' பாட்டு. தமிழர்களும் அப்படித் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள் என்பதால் எனக்கு அந்தப் பாட்டு வேறு மாதிரிக் கேட்கும்.

சர்தார் சாகிற இடம். பெட்ரோல் பங்க்கில் கார் நிற்கிறது, எதிரிகளான குரேஷிக் குடும்பத்துச் சுல்தானின் ஆட்கள் சல்லடையாகத் துளைத்துவிட்டுப் போகிறார்கள். அவன் துப்பாக்கியோடு காரிலிருந்து இறங்குகிறான், தள்ளாடுகிறான், ஒரு வண்டி மேல் சாய்கிறான். பின்னணியில் பீகாரின் மைந்தனே, ஆயிரம் வருஷம் வாழ்க என்று மனோஜ் திவாரி பாடுகிறார். சாகிறவனுக்கு வாழ்த்துப் பாட்டு. சோக வயலின் போட்டிருந்தால் அந்தக் காட்சி அங்கேயே முடிந்திருக்கும். 60ஆவது தேசிய விருதில் இந்தப் படத்தின் ஒலிக்கலவைக்கு விருது கிடைத்தது, முழுக்கத் தகுதியானது. சந்தைச் சத்தம், டிவி சத்தம், துப்பாக்கிச் சத்தம் எல்லாம் ஒன்றை ஒன்று விழுங்காமல் நிற்கின்றன.

ரீல்பெட்டி

எனக்கு இந்தப் படத்தின் மேல் வருத்தம்தான் அதிகம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, எண்ண முடியாத கொலைகள், ஒவ்வொன்றும் ரசிக்கும்படி எடுக்கப்பட்டிருக்கிறது. இதைப் பார்த்த இளைஞர்கள் வசனத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக வைத்தார்கள், ஃபைசலின் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்கள். கரிமலை சொன்ன சாஸ்நாலாவின் 375 பேர் யார் நினைவிலும் இல்லை. தொழிலாளியின் கதையாகத் தொடங்கி ரௌடியின் கதையாக முடிகிறது. ஷாஹித்தின் மனைவி செத்த பிறகு ஒரு கூலியின் முகம்கூட நமக்குத் தெரிவதில்லை. வாசேபூர்க்காரர்களே தங்கள் ஊரைக் கேவலப்படுத்திவிட்டதாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

கரிமலை

ரீல்பெட்டி சொன்ன கடைசி விஷயத்தில் உண்மை இருக்கிறது. வாசேபூரில் வாத்தியார், தையல்காரர், கடைக்காரர், படிக்கிற பிள்ளைகள் என்று எல்லோரும் இருக்கிறார்கள். எங்கள் வகுப்பிலேயே அந்தப் பக்கத்துப் பையன்கள் இருந்தார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் வேலை நேர்காணலில் பார்வை மாறும் என்று ஒரு பெயரை ஆக்கிவிடுவது சிறிய விஷயம் இல்லை. படப்பிடிப்பு பெரும்பாலும் சுனார், வாரணாசி பக்கம்தான் நடந்தது. பெயர் மட்டும் இவர்கள் தலையில்.

அதே சமயம் கதையைக் கொண்டுவந்த சீஷான் காத்ரி வாசேபூர்க்காரர். எழுதிய நால்வரில் ஒருவர், டெஃபினிட் என்ற பாத்திரத்தில் நடித்தவரும் அவரே. வெளியாள் வந்து திருடிக்கொண்டு போன கதை என்று சொல்ல முடியாது.

கூலியின் முகம் இல்லை என்ற குறையை ஏற்றுக்கொள்கிறேன். தன்பாத்தில் விடிகாலையில் சைக்கிளில் மூட்டை மூட்டையாகக் கரியைக் கட்டித் தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம், ஓட்ட முடியாது, தள்ளத்தான் முடியும். மாஃபியாவுக்கும் அரசுக்கும் நடுவில் அவர்கள் வாழ்க்கை. அவர்களைப் பற்றி இன்னொரு ஐந்து மணி நேரம் எடுக்கலாம்.

மாலைக்காட்சி

மல்லிகைப்பந்தல் நக்மாவைப் பற்றி எழுதியதை யோசித்துக்கொண்டே இருந்தேன். அவளுக்குப் பிணத்துக்குப் பதில்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பதில் எந்த வடிவத்தில் வர வேண்டும் என்பதை அந்த வீட்டுப் பையன்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

ராமாதீர் இரண்டாம் பாகத்தில் ஒரு பேச்சுப் பேசுகிறான். திக்மான்ஷு தூலியா எத்தனை அமைதியாகச் சொல்கிறார் பாருங்கள். ஒவ்வொருவன் மனதிலும் ஒரு சினிமா ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லோரும் தன் படத்தில் ஹீரோவாக ஆசைப்படுகிறார்கள், நான் சினிமா பார்ப்பதில்லை, அதனால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்ற அர்த்தத்தில். ஃபைசல் சின்ன வயதிலிருந்தே அமிதாப் பைத்தியம். 'திரிசூல்' பார்க்கிறான், அதே நடை, அதே பார்வை. அமிதாபாக நினைத்துக்கொண்டு வாழ்ந்தவனைத்தான் ராமாதீர் குறிப்பிடுகிறான்.

அப்படியும் கடைசியில் ஆஸ்பத்திரியில் ராமாதீரைச் சுட்டது ஃபைசல்தான். சுட்டுக்கொண்டே இருக்கிறான். செத்த பிறகும் நிறுத்தவில்லை, தோட்டா தீர்ந்தால் மறுபடி போட்டுச் சுடுகிறான். தொழிலுக்காகக் கொல்கிறவன் ஒரு தோட்டாவில் நிறுத்தியிருப்பான். இந்த இடத்தில் என் வாதம் தடுமாறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், தெற்குமாசிவீதி இதைப் பிடித்துக்கொள்வார்.

தெற்குமாசிவீதி

பிடித்துக்கொள்ளாமல் இருப்பேனா. ஆனால் அதற்கு முன் ஒன்று. சினிமா ஒரு தலைமுறையை எப்படி ஆட்டிவைக்கிறது என்பதைச் 'சுப்ரமணியபுர'மும் காட்டியது. 1980 மதுரை, 'முரட்டுக்காளை' ரிலீஸ், தியேட்டரில் அந்தக் கூட்டம். அழகரும் பரமனும் வேலைவெட்டி இல்லாத பையன்கள். அரசியல்வாதி வீட்டுக் கனகு ஒரு கொலை செய்யச் சொல்கிறான். விசுவாசத்துக்காகச் செய்கிறார்கள். ஜெயிலுக்குப் போனதும் கைகழுவிவிடுகிறான்.

வித்தியாசம் எங்கே என்றால், மதுரையில் உடைவது நட்பு. நண்பன் காசி காட்டிக்கொடுக்கிறான், காதலி துளசியை வைத்து அழகரை வரவழைத்துக் கொல்கிறார்கள். குடும்பம், பரம்பரை என்று எதுவும் இல்லை. பையன்கள் சாகிறார்கள், கதை அவர்களோடு முடிகிறது. 2008இல் ஜெயிலை விட்டு வெளியே வரும் காசிக்கு ஆஸ்பத்திரியில் முடிவு கட்டுகிறார்கள், ராமாதீருக்கும் ஆஸ்பத்திரியில்தான் முடிவு, கவனித்தீர்களா? ஆனால் வாசேபூரில் பழி மகன், பேரன் என்று சொத்து மாதிரி இறங்குகிறது. சொத்து இருக்கிற இடத்தில்தான் வாரிசும் இருக்கும். அழகருக்கும் பரமனுக்கும் விட்டுப்போக ஒன்றுமே இல்லை.

இதை எழுதும்போதே மாலைக்காட்சி பக்கம் சாய்கிறேன் என்று தெரிகிறது. இருந்தாலும் அந்தத் தோட்டாக்களுக்கு உங்களிடம் பதில் இல்லை.

மல்லிகைப்பந்தல்

பதில் டெஃபினிட்டிடம் இருக்கிறது. சர்தாருக்கும் துர்காவுக்கும் பிறந்தவன். துர்காவாக நடித்தது நம் ரீமா சென், 'மின்னலே'விலும் 'ஆயிரத்தில் ஒருவ'னிலும் பார்த்த அதே ரீமா சென். சர்தார் காவல் இல்லாமல் கிளம்பியிருக்கிறான் என்று குரேஷிகளுக்குச் சொல்லிவிட்டவள் அவள். அவளை ஒருத்தனுடைய இரண்டாம் வீடாக மட்டும் பார்த்த எல்லோருக்கும் அவள் கொடுத்த பதில் அது.

அந்த மகன் ஃபைசலோடு சேர்கிறான், அவனுக்காகக் கொலை செய்கிறான், அவனுடைய நம்பிக்கையை முழுதாகப் பெறுகிறான். ராமாதீர் செத்த பிறகு ஃபைசலைப் போலீஸ் வேனில் கொண்டுபோகும்போது வழியில் நிறுத்துகிறார்கள், டெஃபினிட் வந்து அண்ணனைச் சுடுகிறான். ராமாதீரின் மகன் ஜே.பி. சிங் அங்கே காத்திருக்கிறான். அப்பன் ஒழிந்தது அவனுக்கும் வசதி.

அதாவது ஃபைசல் அத்தனை தோட்டாவையும் உண்மையாகத்தான் சுட்டான். நக்மாவின் பிள்ளை அவன், அவனுக்கு அது நிஜம். அந்த நிஜத்தை டெஃபினிட்டும் ஜே.பி.யும் பயன்படுத்திக்கொண்டார்கள். பழி ஒருவனுக்கு உண்மை, பக்கத்தில் நிற்பவனுக்குக் காரியம். இரண்டும் ஒரே துப்பாக்கியில் இருக்க முடியும். நீங்கள் இருவரும் ஏன் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

மாலைக்காட்சி

இதை ஏற்றுக்கொள்கிறேன். தொடக்கத்தில் நான் எழுதியதைவிட இது சரியாக இருக்கிறது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: எஹ்சான் குரேஷி. ஷாஹித் செத்ததும் அவன் உறவினன் நாசிரையும் சிறுவன் சர்தாரையும் தீர்க்க ராமாதீர் எஹ்சானை அனுப்புகிறான். அவர்கள் அங்கே இல்லை. கொன்று எரித்துவிட்டதாகப் பொய் சொல்கிறான். நாசிருக்கு விஷயம் முன்பே தெரிந்ததும் ஒரு குடையால்தான். கதவோரம் கிடந்த ராமாதீரின் குடையைப் பார்த்து, அவன் இடத்தைப் பிடிப்பது பற்றி ஷாஹித் பேசியதை அவன் ஒட்டுக் கேட்டுவிட்டான் என்று புரிந்துகொள்கிறான். இத்தனை பெரிய பகை ஒரு மறந்துபோன குடையிலும் ஓர் அடியாளின் பொய்யிலும் தொங்குகிறது. காஷ்யப் இதை அழுத்திச் சொல்வதே இல்லை, போகிற போக்கில் வைக்கிறார்.

ஒலிக்கலவை

ஒளிப்பதிவு ராஜீவ் ரவி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னாளில் 2016இல் அவரே இயக்கிய 'கம்மட்டிப்பாடம்' கொச்சியில் நிலம் பறிபோன மக்களைப் பற்றியது. அங்கேயும் அடியாட்கள், அங்கேயும் முதலாளிக்காகக் கை ஓங்கியவர்களே கடைசியில் இடமிழந்து நிற்கிறார்கள். ரீல்பெட்டி கேட்ட கூலியின் முகம் அந்தப் படத்தில் இருக்கிறது. அவசியம் பாருங்கள்.

ரீல்பெட்டி

பார்த்திருக்கிறேன், அது எனக்கு மிகவும் நெருக்கமான படம். அதனால்தான் வாசேபூரிடம் கூடுதலாக எதிர்பார்க்கிறேன். மல்லிகைப்பந்தல் எழுதியது யோசிக்க வைத்தது, ஆனால் என் வருத்தம் தீரவில்லை. நக்மாவுக்கு ஒரு காட்சி, கொலைக்கு நூறு காட்சி. அந்த அளவு எனக்கு உறுத்துகிறது.

புதுவரவு

வணக்கம், இழையைப் படித்துவிட்டு முதல் பாகம் பார்த்தேன். ஒரு சந்தேகம். படம் தொடங்கும்போது டிவியில் சீரியல் ஓடுகிறது, திடீரென்று வீட்டைச் சுற்றிச் சுடுகிறார்கள். அது யார் வீடு, யார் சுடுகிறார்கள்? முதல் பாகம் முடியும்வரை அதற்கு விடை வரவில்லையே.

மாலைக்காட்சி

வராது, இரண்டாம் பாகத்தில்தான் வரும். 2004ஆம் ஆண்டு நடப்பது அது. ஃபைசலின் வீடு, சுடுவது சுல்தானின் கூட்டம். முதல் முறை சுடுகிறவர்களோடு தெருவில் நின்று பார்த்தீர்கள், இரண்டாம் பாகத்தில் அதே இரவை வீட்டுக்குள்ளிருந்து பார்ப்பீர்கள். ஒரே படமாக எடுத்து, 2012 மே மாதம் கான் விழாவில் ஒரே படமாகவே திரையிட்டார்கள். இங்கே தியேட்டர்களுக்காக இரண்டாக வெட்டினார்கள். அதனால் நடுவில் நாள் கடத்தாமல் பார்த்துவிடுங்கள், பெயர்களும் உறவுமுறைகளும் மறந்துபோகும். பார்த்து முடித்ததும் டெஃபினிட் செய்தது பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று இங்கே எழுதுங்கள்.